பெர்மிட் செல்லாத ஊர்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் இருக்கிற தேநீர்க் கடையில் ஆழ்வாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வியே துவக்கைப் பற்றியதுதான். முப்பது வருடங்களுக்கு மேல் காணாத பள்ளிக்கூடக் கூட்டாளியைக் கண்டால் மனிசி எப்படிச் செத்தாள், மகன் என்ன செய்கிறான் என்று விசாரிப்பதுதான் உலக வழக்கம். ஆழ்வாப்பிள்ளைக்கு அந்தப் பொறுமை எல்லாம் கிடையாது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பஞ்சலிங்கத்தின் இடுப்பை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்.

"டேய் பஞ்சு, மெய்யைச் சொல்லு. அங்கை நீ பிஸ்டலை இடுப்பிலை செருகிக்கொண்டே திரிஞ்சனி?"

பஞ்சலிங்கம் பஸ் நேரம் சொல்கிறவர் மாதிரி விளக்கினார். செருகிக்கொண்டுதான் திரிந்தார், ஆனால் சும்மா இல்லை, பெர்மிட்டோடு. வட கரோலினா மாநிலம் படிப்பித்து, சோதனை வைத்து, விரலடையாளம் எடுத்துக் கொடுத்த அட்டை. அதைப் பக்கத்து வேர்ஜீனியா மதிக்கும். அதற்கு அடுத்த மேரிலண்ட் மதிக்காது. நடுவில் ஓர் ஆறு, ஆற்றுக்கு மேலே ஒரு பாலம். ஒரே நாடு, ஒரே கொடி, ஒரே காசு. ஆனாலும் பாலத்துக்கு இந்தப் பக்கம் மரியாதையான கடைக்கார ஐயா, அந்தப் பக்கம் போனால் மறியலுக்குப் போகிற கைதி. அதனால் மைத்துனரைப் பார்க்க நியூ ஜேர்சிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் பாலத்துக்கு முன்னால் காரை நிறுத்தி, ரவையைக் கழற்றி, துவக்கைப் பெட்டியில் பூட்டிப் பின் டிக்கியில் வைத்துவிட்டுத்தான் ஏறுவாராம்.

ஆழ்வாப்பிள்ளைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்த அட்டை இங்கே செல்லுமா என்று கேட்டார். பிறகு தானே பதிலும் சொன்னார். இங்கே வளவு கொத்தும்போது துருப்பிடித்த வெற்று ரவைக் கோது ஒன்று வந்தாலே ஊர் இரண்டு நாள் படுக்காது, அட்டையைக் காட்டினால் ஆளையும் அட்டையையும் சேர்த்துத்தான் கொண்டுபோவார்கள் என்றார். பிறகு குரலைத் தணித்து, கள்ளனைச் சுட்ட கதை இங்கே எல்லாருக்கும் தெரியும் என்றும், அந்தச் செய்தி போனில் வந்தபோது 'எங்கடை பெடியன்' என்று தான் பத்துப் பேருக்கு அனுப்பியதாகவும் பெருமையாகச் சொன்னார்.

 கடைக்காரர் தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூன்று கோப்பை. ஆழ்வாப்பிள்ளைக்கு ஒன்று, பஞ்சலிங்கத்துக்கு ஒன்று, பஞ்சலிங்கத்துக்குப் பக்கத்தில் இருந்த வெறும் கதிரைக்கு முன்னால் ஒன்று.

இரண்டுதானே சொன்னோம் என்று ஆழ்வாப்பிள்ளை அதட்டினார். கடைக்காரர் கதிரையைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். வெளியே போய்விட்டார் போலிருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு மூன்றாவது கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

 கடலைத் தாண்டியும் வந்துவிட்டானே என்று பஞ்சலிங்கம் தன் கதிரையை அந்த வெறும் கதிரையிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார். அவன் இங்கே வரமாட்டான் என்று அதுவரைக்கும் அவர் நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

சுட்டது இரவில் இல்லை, நல்ல வெயில் எறிக்கிற பின்னேரத்தில். பஞ்சலிங்கம் சொந்தமாக வைத்திருந்த பெற்றோல் செட்டில், குளிர்பானம் விற்கிற சின்னக் கடைக்குள். ஒருவன் துவக்கை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டு ஓடினான். இன்னொருவன் சூயிங்கம் தட்டுக்குப் பக்கத்தில் நின்றான். பதினாறு, பதினேழு வயது இருக்கும். தலையை மூடின சட்டை. அவன் கையைச் சட்டைப் பைக்குள் விட்டான். பஞ்சலிங்கம் சுட்டார். பைக்குள் இருந்தது முந்திரிகைப்பழ மணம், திராட்சை மணம் வீசுகிற சூயிங்கம் பக்கற். ஓடினவனோடு வந்தவனா, சூயிங்கம் வாங்க வந்தவனா என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. பெயர் டெவின்.

சட்டம் பஞ்சலிங்கத்தின் பக்கம் நின்றது. பொலிஸ்காரர் கைகொடுத்தார். தமிழ்ச் சங்கத்து ஆட்கள் வீட்டுக்கே வந்து தோளில் தட்டினார்கள். குற்றமென்று ஒருவரும் சொல்லாததுதான் பஞ்சலிங்கத்துக்குப் பெரிய கரைச்சலாகப் போயிற்று. யாராவது ஏசியிருந்தால் அவர் தன் பக்கத்தைப் பேசியிருப்பார். பேச இடமே கிடைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் காரில் தனியாகப் போகும்போது மணி அடித்தது. பக்கத்து ஆசனத்தில் ஆள் இருந்து பெல்ட் போடாவிட்டால் கார் அடிக்கிற மணி. ஆசனத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்த நாளும் அடித்தது. சாப்பாட்டுக் கடையில் தனியாகப் போய் இருந்தால் இரண்டு பேருக்குத் தண்ணீர் வந்தது. வங்கியில் பின்னால் நின்ற கிழவி, மகனை முன்னுக்கு விடுங்கள், பாவம் களைத்துப் போய் நிற்கிறான் என்றாள். ஊரெல்லாம் அவனைக் கண்டது. பஞ்சலிங்கத்துக்கு மட்டும் அவன் தன்னைக் காட்டவே இல்லை. திரும்பினால் வெறும் இடம். அந்த முந்திரிகைப்பழ மணம் மட்டும் நிற்கும்.

பஞ்சலிங்கம் துவக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். மணி அடித்தது. துவக்கை விற்றார். அடித்தது. பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தார். அப்போதும் அடித்தது. அடிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். நியூ ஜேர்சிக்குப் போகும்போது அந்தப் பாலத்தில் கார் ஏறினதும் மணி நின்றுவிடும். திரும்பி வேர்ஜீனியா மண்ணில் இறங்கினதும் தொடங்கும். தன்னுடைய பெர்மிட் முன்பு செல்லின மண்ணில்தான் அவனும் செல்லுகிறான் என்று பஞ்சலிங்கம் கணக்குப் பிடித்தார். படித்த மனிதர் கேட்டால் சிரிக்கிற கணக்குத்தான். ஆனால் மணி சிரிக்கவில்லை.

போன வருடம் அவன் பாலத்தையும் தாண்டினான். மைத்துனர் வீட்டு மேசையில் ஒரு தட்டு அதிகமாக வந்தது.

அதற்குள் மகன் பிரவீணனின் மனிசி வித்தியா பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். பெற்றோல் செட்டை இப்போது பிரவீணன்தான் பார்க்கிறான். ஆவணியில் பிள்ளை பிறக்கும். பஞ்சலிங்கத்துக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆசை அந்தப் பிள்ளையைக் கையில் வாங்குவதுதான். ஆனால் தான் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க, தன் தோளுக்கு மேலால் இன்னொருவனும் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதை நினைத்தால் அவருக்கு உடம்பு கூசியது. பாலத்தைத் தாண்டினவனும் கடலைத் தாண்டமாட்டான், பெர்மிட்டே செல்லாத ஊருக்குப் போய், கடலுக்கு அங்காலே அவனைத் தொலைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வரலாம் என்றுதான் வைகாசியில் விமானம் ஏறினார்.

காங்கேசன்துறையில் அக்கா இராசமலர் இருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. கடலை நம்பின குடும்பம் அவர்களுடையது. இராணுவம் விட்ட காணியில் பழைய அத்திவாரத்துக்கு மேலேயே சின்ன வீடு கட்டியிருந்தாள். யன்னலால் பார்த்தால் சீமெந்துத் தொழிற்சாலையின் உடைந்த கட்டடங்கள் தெரியும். நல்ல மனம், கெட்ட வாய். தேநீர்க் கடையில் நடந்ததற்கு அடுத்த நாள் காலை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"ஆரடா உந்தப் பெடியன்? விடியத் தொடங்கிக் கேற்றடியிலை நிக்கிறான். உன்னோடை வந்தவனெண்டால் உள்ளுக்கை கூப்பிடன்."

பஞ்சலிங்கம் கேற்றைப் பார்த்தார். கேற் மூடியிருந்தது. வெளியே ஓர் ஆடு நின்றது. வேறு ஒன்றும் இல்லை. ஆள் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். நீட்டுக் கை, ஒடிசல் உடம்பு, இந்த வெக்கையிலும் தலையை மூடின சட்டை என்று இராசமலர் சொன்னாள். சொல்லிக்கொண்டு வந்தவள் தம்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். சுட்ட கதை அவளுக்கும் தெரியும். மெல்ல வந்து தம்பிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டாள். 

இன்னும் ஒரு எல்லையைத் தாண்டினால் என்ன என்று பஞ்சலிங்கம் யோசித்தார். காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது. காலையில் ஏறினால் பின்னேரத்துக்குள் வேறு நாடு. துறைமுகத்துக்குப் போய்ப் பயணச்சீட்டு எழுதுகிற மேசைக்கு முன்னால் நின்று, ஒருவருக்கு என்று தெளிவாகச் சொல்லி, பாஸ்போட்டை நீட்டினார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்பிள்ளை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் பார்த்துச் சிரித்தாள், கையையும் நீட்டினாள்.

"தம்பி, உங்கடை பாஸ்போட்டையும் தாங்கோ."

பஞ்சலிங்கம் தன்னுடைய பாஸ்போட்டைப் பறித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். துறைமுகத்து வெயிலில் நின்று, அவனுக்கு ஒரு பாஸ்போட்டும் தேவையில்லை, ஒரு மாநிலமும் ஒரு நாடும் அவனை மறிக்காது என்று வாய்விட்டே சொன்னார். கேட்டுக்கொண்டு போன ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். பயம் என்பது அதுவரைக்கும் பஞ்சலிங்கத்துக்கு முதுகில்தான் இருந்தது. அன்றைக்குத்தான் அது நெஞ்சுக்கு வந்தது.

வழி சொன்னது இராசமலர்தான். செத்துப்போன பெடியனுக்கு அவன்டை ஆட்கள் என்ன செய்தார்களோ தெரியாது, எங்கடை முறைப்படி ஒன்றும் நடந்திருக்காது, அதுதான் நிற்கிறான் என்றாள். கீரிமலையில் அந்தியேட்டி செய்துவிட்டால் போவான். செத்தவனை அலைகிறவனாக விடாமல் முன்னோரோடு சேர்த்துவிடுகிற கிரியை அது. வழக்கமாக முப்பத்தோராம் நாள் செய்வது. ஆனால் சண்டைக்காலத்தில் எங்கே, எப்போது செத்தார்கள் என்று தெரியாதவர்களுக்கெல்லாம் வருடம் கழித்துச் செய்து குருக்கள்மாருக்குப் பழகிப்போயிற்று. ஒன்றை மட்டும் அவள் திருப்பித் திருப்பிச் சொன்னாள். செத்தவன் உனக்கு என்ன முறை என்று குருக்கள் கேட்பார். தெரிந்த பிள்ளை, செய்ய ஆள் இல்லை என்று சொல். அதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். வேறு ஒன்றும் சொல்லாதே.

கீரிமலையில் அன்றைக்குச் சனம். கேணியில் ஆண்கள் முழுகிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கத்துக் கொட்டகையில் குடும்பம் குடும்பமாக இருந்து குருக்கள்மாருக்கு முன்னால் கும்பமும் எள்ளும் தர்ப்பையுமாகக் கிரியை நடந்தது. பஞ்சலிங்கம் ஈர வேட்டியோடு சப்பணம் கட்டி இருந்தார். பக்கத்துக் கிரியையில் ஒரு தாய் இருந்தாள். மடியில் இளந்தாரிப் பெடியன் ஒருவனுடைய படம். அழுது முடித்த முகம். அவள் பஞ்சலிங்கத்தைப் பார்த்து, வயதுபோன மனிசன் தனியாக வந்திருக்கிறதே என்ற இரக்கத்தில், உங்களுக்கு ஆர் ஐயா என்று கேட்டாள்.

அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் சுட்ட பெடியன் என்று எப்படிச் சொல்வது? தெரிந்த பிள்ளை என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. எந்த வகையில் தெரியும் என்று அவள் அடுத்துக் கேட்டால் என்ன சொல்வது?

"என்ரை மகன்" என்றார் பஞ்சலிங்கம்.

அவள் தலையை ஆட்டிக் கண்ணைத் துடைத்தாள். குருக்களும் அதைக் கேட்டார். அவர் பெயரைக் கேட்டார், நட்சத்திரம் தெரியாது என்றதும் பரவாயில்லை என்றார், முறையைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? மந்திரத்துக்கு நடுவில் மகன், மகன் என்று சேர்த்துச் சொன்னார், பஞ்சலிங்கத்தையும் திருப்பிச் சொல்லவைத்தார். பின்னால் இருந்த இராசமலர் எழும்பினாள். பிறகு கிரியையை இடையில் குழப்பக்கூடாது என்று மறுபடி இருந்தாள். அவளுடைய வாய் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. பஞ்சலிங்கம் பிண்டத்தைக் கொண்டுபோய்க் கடலில் விட்டார். அலை எடுத்துக்கொண்டு போயிற்று.

திரும்பி வரும்போது ஓட்டோவில் இராசமலர் கொட்டித் தீர்த்தாள். ஒரு சொல்லுத்தானே அக்கா என்று பஞ்சலிங்கம் சமாளித்தார்.

"ஒரு சொல்லோ? எள்ளுந் தண்ணியும் விட்டுச் சொன்ன முறையடா உது. வாயாலை திருப்பி எடுக்கேலாது. இனி அவன் எங்கடை வீட்டு ஆள்."

ஆனால் வீட்டுக்கு வந்தபோது கேற்றடியில் ஒருவரும் இல்லை என்று அவளே சொன்னாள். அடுத்த நாளும் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. பஞ்சலிங்கம் வருடக்கணக்கில் தூங்காத தூக்கத்தை எல்லாம் சேர்த்துத் தூங்கினார். தேநீர்க் கடையில் இரண்டு கோப்பைதான் வந்தது. நல்லூருக்குப் போய்ப் பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு சின்னப் பட்டு வாங்கினார், ஆணோ பெண்ணோ தெரியாமல் பச்சை நிறத்தில். மனிதருக்கு உடம்பு பிடித்தது. அக்காவின் கெட்ட வாய்க்குப் பதில் வாய் கொடுக்கிற அளவுக்குத் துணிவும் வந்தது. ஆனி முழுக்க அப்படித்தான் போயிற்று.

ஆடி பிறந்து ஒரு பின்னேரம் பிரவீணன் போன் எடுத்தான். அங்கே அப்போதுதான் விடிகிறது. பிரவீணனின் தமிழ் கொஞ்சம் நொண்டும், ஆனாலும் விடாமல் நடக்கும். வித்தியா சுகம் என்றான். டொக்டர் எல்லாம் சரி என்கிறார் என்றான். பிறகு சிரித்துக்கொண்டு, கார் ஒன்றுதான் தொல்லை கொடுக்கிறது என்றான்.

"சும்மா மணி அடிக்குது அப்பா. பக்கத்துச் சீற்றிலை ஒருத்தரும் இல்லை, பெல்ட் போடு பெல்ட் போடு எண்டு அடிக்குது. கராச்சிலை காட்டினன், ஒரு பிழையும் இல்லையாம்."

பஞ்சலிங்கம் கதிரையில் இருந்தபடியே கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். எப்போதிருந்து என்று கேட்டார். மகன் சொன்ன நாள், அவர் கீரிமலையில் முழுகின நாளுக்கு அடுத்த நாள்.

பிரவீணன் நிறுத்தவில்லை. இது மட்டும் இல்லை, யாரோ ஒருவன் தங்களைப் பின்தொடர்கிறான் என்றான். ஸ்கான் எடுக்கப் போனபோது நேர்ஸ் வந்து, உங்களுடைய தம்பி வெளியில் நிற்கிறார், உள்ளே விடவா என்று கேட்டாளாம். எனக்குத் தம்பி இல்லை என்று பிரவீணன் சொன்னதற்கு, அவர்தான் அப்படிச் சொன்னார் என்றாளாம். வெளியே வந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. கடைக்கு வருகிற ஆட்களும் அதையே கேட்கிறார்கள். வித்தியா பயந்துபோய் இருக்கிறாள்.

"நானும் பெர்மிட்டுக்குப் போட்டிட்டன், அப்பா. அடுத்த கிழமை கிடைச்சிடும். பிஸ்டல் பாத்து வைச்சிருக்கிறன். நீங்கள் வைச்சிருந்த அதே மாதிரி."

 கடைக்குள் பயந்துபோய் நிற்கிற பிரவீணன், இடுப்பில் துவக்கு, கதவைத் திறந்துகொண்டு வருகிற யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை, அந்தப் பிள்ளை சட்டைப் பைக்குள் விடுகிற கை. எல்லாம் பஞ்சலிங்கத்தின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வேண்டாம் என்றார். ஏன் என்று மகன் கேட்டான்.  பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் துவக்கு வேண்டாம் என்று சொன்னார். நீங்கள் என்னைத் துவக்கு உள்ள வீட்டில்தானே வளர்த்தீர்கள் என்று பிரவீணன் திருப்பிக் கேட்டான். 

போனை வைத்ததும் பஞ்சலிங்கம் குசினி வாசலில் போய் நின்றார். தான் நிம்மதியாகத் தூங்கின ஒவ்வொரு இரவும் மகன் தலையில் இறங்கியிருக்கிறது என்று நினைக்க அவருக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை. மகன் என்று சொன்னேன், அவன் தமையனைத் தேடிப் போய்விட்டான் அக்கா என்றார். இராசமலர் அடுப்பைத் தணித்தாள். கீரிமலைக் குருக்களிடம் போய்த் திருப்பிச் செய்யக் கேட்கலாமா என்றார் பஞ்சலிங்கம். செய்தது செய்ததுதான், அறுக்கிற கிரியை ஒன்றும் இல்லை, கூப்பிடுகிற கிரியை மட்டும்தான் இருக்கிறது என்றாள் அவள்.

"கூப்பிட்டால் வருவான். ஆனால் வந்தால் உன்னோடைதான். நீ போற இடமெல்லாம் வருவான். அதை யோசிச்சுக்கொண்டு கூப்பிடு."

பஞ்சலிங்கம் யோசித்தார். யோசிப்பதற்கு அதில் அதிகம் இருக்கவில்லை. பச்சைப் பட்டு அலுமாரியில் இருந்தது.

செத்த வீட்டில் எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். உள்ளே அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார் என்பது கணக்கு. டெவினுக்கு என்ன பிடிக்கும்? சுட்டவருக்கு அவனைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். நல்லூர்க் கடைகளில் ஏறி இறங்கி, பழ மணம் உள்ள சூயிங்கம் ஒரு பக்கற் தேடி எடுத்தார். முந்திரிகைப்பழமா, என்ன பழமா என்று படத்தைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லை. நிறம் ஊதாவாக இருக்கிறதே என்று ஒரு நெக்டோ சோடாப் போத்தலும் வாங்கினார். அமெரிக்கப் பிள்ளை எங்களுடைய உறைப்பைச் சாப்பிடுமா என்று அவர் கவலைப்பட, இராசமலர் நண்டைக் கழுவிக்கொண்டே, எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொன்னாய், எங்கள் சாப்பாட்டைச் சாப்பிடட்டும் என்றுவிட்டாள்.

பின்னேரம் நடு அறையில் வாழையிலை போட்டுச் சோறும், நண்டுக் குழம்பும், முருங்கைக்காய்க் கறியும், பொரித்த மீனும் படைத்தார்கள். பக்கத்தில் போத்தலும் சூயிங்கமும். பஞ்சலிங்கம் விளக்கைக் கொளுத்தினார். இங்கிலீசில் கூப்பிடுவதா தமிழில் கூப்பிடுவதா என்று ஒரு கணம் தடுமாறினார். முறை சொன்னது தமிழில், அழைப்பதும் தமிழில்தான் என்று தீர்மானித்தார்.

"மகனே, அங்கை நிக்காதை. அண்ணையை விடு, அவன் பிள்ளைக்குத் தகப்பனாகப் போறான். இஞ்சை வா, அப்பாட்டை வா."

கீரிமலையில் வெட்கத்தில் வாயில் வந்த அதே சொல்லுத்தான். இந்த முறை அவர் அதை அறிந்தே சொன்னார். இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். கடல் பக்கமிருந்து காற்று வந்தது, பிறகு நின்றது. தெருவில் ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. உள்ளே போத்தலின் மூடி நிலத்தில் விழுகிற சத்தம் கேட்டது. மூடியைத் தான் கழற்றி வைக்கவில்லை என்பது பஞ்சலிங்கத்துக்கு நன்றாக நினைவிருந்தது.

இராசமலர் கதவைத் திறந்தாள். பஞ்சலிங்கத்துக்கு வாழையிலை தெரிந்தது, வைத்த சோறு வைத்தபடி தெரிந்தது. ஆனால் அறை முழுக்க முந்திரிகைப்பழ மணம். ஊரில் வாங்கின சூயிங்கத்தின் மணம் அது இல்லை. அந்த மணத்தை அவர் எங்கே நின்றாலும் அறிவார்.

"வந்திட்டானோ அக்கா?"

"ஓம். இலைக்கு முன்னாலை இருக்கிறான். கையாலை சாப்பிடத் தெரியேல்லை, பாவம்."

அவள் போய் நிலத்தில் இருந்து, வெறும் இடத்துக்கு முன்னால் நண்டை உடைத்து வைத்தாள். பெறாத பிள்ளைக்கு உடைத்து வைக்கிற மாதிரித்தான் வைத்தாள். அவளுடைய முகத்தில் பயம் இல்லை என்பதைக் கண்டபோதுதான் பஞ்சலிங்கத்துக்கு முதுகு சில்லிட்டது.

போன் அடித்தது. பிரவீணன். நல்ல உற்சாகமாக இருந்தான். வேலைக்குப் போகிற வழியில் மணி தானாக நின்றுவிட்டது என்றான். சரியாக ஒரு பாலத்தின் நடுவில் வைத்து நின்றதாம், இயந்திரம் தானே திருந்திவிட்டது போல என்று சிரித்தான். பெர்மிட்டை விட்டுவிடு மகனே என்று பஞ்சலிங்கம் கெஞ்சினார். ஒருவரும் இனிப் பின்தொடர மாட்டார்கள், அதற்கு அப்பா பொறுப்பு என்றார். பிரவீணன் கொஞ்சம் யோசித்தான். சரி, நீங்கள் வந்து எங்களோடு இருந்தால் எனக்கு அது தேவையில்லை, வித்தியாவும் அதைத்தான் சொல்கிறாள், உங்கள் அறைக்குப் பெயின்ற் அடித்துவிட்டேன், எப்போது ஏறுகிறீர்கள் என்று கேட்டான்.

பஞ்சலிங்கம் வாழையிலைக்கு முன்னால் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார்.

"நான் வரேல்லை ராசா."

ஆவணிக்கு வராவிட்டால் எப்போது என்று மகன் கேட்டான். ஆவணிக்கும் இல்லை, பிறகும் இல்லை என்றார். உடம்பு சரியில்லையா என்று கேட்டான். உடம்பு நல்லாய் இருக்கிறது என்றார். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசை இல்லையா என்று கேட்டான். பஞ்சலிங்கம் பச்சைப் பட்டு இருந்த அலுமாரியைப் பார்த்தார். பிரவீணன் பொறுத்துப் பார்த்தான். அம்மா இருந்திருந்தால் இப்படிச் செய்ய விடமாட்டா என்றான். பிறகு குரல் உடைந்து, நீங்கள் வராவிட்டால் நானும் இனி எடுக்கமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

பஞ்சலிங்கம் இருட்டிப்போன போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரைப் பிடித்து மெதுவாக நிலத்தில் இருந்தார், இலைக்கு இந்தப் பக்கம். இராசமலர் நண்டு உடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"உன்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறான் தம்பி" என்றாள்.

"என்னத்துக்கு?"

"நீ அழுறதைக் கண்டு சாப்பிடாமல் இருக்கிறான். ஏதாவது சொல்லு அவனுக்கு."

பஞ்சலிங்கம் கண்ணைத் துடைத்தார். கையை நீட்டி, சோற்றை இலையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டார்.

"சாப்பிடு மகன்" என்றார்.